டெல்டா வீட்டுக்கு சென்னை இன்டீரியர்: ரீமாடலிங்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை வைகாசியில கொத்தனாரை கூட்டிட்டு வந்து வீட்டை காட்டி எஸ்டிமேட் வாங்குறோம் பாருங்க, நம்ம காவிரி டெல்டா பக்கம் மொத தப்பு அங்கயே ஆரம்பிச்சுடுது. அப்ப செவரு நல்லா காஞ்சு கெடக்கும், தட்டுனா கணீர்னு சத்தம் வரும், பட்டி பாத்து எமல்ஷன் அடிச்சா போதும்னு அவரும் சொல்லுவாரு நாமளும் நம்புவோம். மேட்டூர் அணை தொறந்து (ஜூன் 12ங்குறது கணக்கு, எல்லா வருஷமும் அன்னிக்கே தொறக்குறாங்களா என்ன) வாய்க்கால்ல தண்ணி ஓடி, சுத்தி வயல்ல நடவு முடிஞ்சு, அப்பறம் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் சேந்து ஊத்துனப்பறம் அதே செவத்த போய் பாருங்க. தரையிலேர்ந்து ரெண்டு அடி மூணு அடிக்கு ஓதம் (தரையிலேர்ந்து செவத்துல ஏறுற ஈரம்) ஏறி, உப்பு வெள்ளையா பூத்து, அடிச்ச பெயிண்ட் எல்லாம் பொரிஞ்சு நிக்கும். அதனால வீட்டை எடை போடுறதா இருந்தா கார்த்திகையில போடுங்க, இல்ல போன மழைக்கு எதுவரைக்கும் கறை ஏறுச்சுன்னு வீட்டுல இருக்குற பெரியவங்கள கேளுங்க, அவங்களுக்கு செவரு செவரா ஞாபகம் இருக்கும்.

யூடியூப்ல வர்ற ஹோம் டூர்ல பாதி சென்னையில ஏழாவது மாடி, எட்டாவது மாடி ஃப்ளாட்டு. அங்க தரையிலேர்ந்து ஈரம் ஏற வழியே கெடையாது, அதனால ஜிப்சம் பூச்சு, வால்பேப்பர், எம்டிஎஃப் (அழுத்துன மரத்தூள் பலகை) பேனல்னு என்ன ஒட்டுனாலும் நிக்குது. கோயம்புத்தூர் பக்கம் காத்து வறண்டு இருக்கும், அங்கயும் பெருசா பிரச்சன இல்ல. கும்பகோணத்துலயும் மாயவரத்துலயும் திருவாரூர்லயும் நாம இருக்குறது களிமண் மேல, கொஞ்சம் தோண்டுனாலே தண்ணி. இங்க கீழ்த்தளத்துல ஜிப்சம் பூசுனா அது ஈரத்தை குடிச்சு கொழகொழன்னு ஆயி ஒரே மழையில உதிர ஆரம்பிச்சுடும். வேணும்னா மாடி ரூம்ல பூசிக்கங்க, கீழ வேண்டாம்.

அடுத்தது பழைய சுண்ணாம்பு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முத்தம் (நடு முற்றம்)னு இருக்குற வீட்டுல செங்கல்லும் சுண்ணாம்பும் தான், நெறைய வீட்டுல அடியில ஈரத்தடுப்பு அடுக்குன்னு ஒண்ணு கெடையாது. ஆனா இத்தன வருஷம் ஏன் நின்னுச்சுன்னா சுண்ணாம்பு பூச்சு ஈரத்தை உள்ள வாங்குன மாதிரியே வெளிய விட்டுடும், வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளை அடிச்சா முடிஞ்சுது. இப்ப என்ன பண்றோம், அது மேல சிமெண்ட் பூசி, பட்டி பாத்து, ப்ரைமர் அடிச்சு, பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சு நாலா பக்கமும் மூடிடுறோம். உள்ள இருக்குற தண்ணிக்கு வெளிய வர வழி இல்லன்னா மேல ஏறும். "ஓதம் தெரியாம இருக்க டைல்ஸ் ஒட்டிடலாம் சார்"னு கூடத்துல நாலு அடிக்கு டைல்ஸ் ஒட்டுவாங்க, மறு வருஷம் அந்த டைல்ஸுக்கு மேல அஞ்சாவது அடியில கறை தெரியும். எனக்கு தெரிஞ்சு இந்த பக்கம் இன்டீரியர்ல அதிகமா காசு வீணாப் போறது இதுல தான்.

சந்தேகமா இருந்தா ஒரு சின்ன சோதனை இருக்கு. ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் கவரை வெட்டி செவத்துல வெச்சு நாலு ஓரத்துலயும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டிடுங்க, ஒரு நாள் முழுக்க விட்டுட்டு பாருங்க. கவருக்கு உள்பக்கம், அதாவது செவத்த ஒட்டுன பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா ஈரம் செவத்துலேர்ந்து வருது. வெளிப்பக்கம் மட்டும் நனைஞ்சிருந்தா அது காத்துல இருக்குற ஈரம், அதுக்கு ஜன்னல தொறந்து வெச்சாலே பாதி சரியாப் போயிடும். செவத்துலேர்ந்து தான் வருதுன்னா கறை நிக்கிற ஒசரத்துக்கு மேல ஒரு அடி சேத்து சிமெண்ட் பூச்ச கொத்தி எடுத்துட்டு, ஒரு கோடை நல்லா காய விட்டு, திரும்ப சுண்ணாம்பு காரையே பூசுங்க. அந்த வேலை தெரிஞ்ச ஆள் இன்னும் இருக்காங்க, பழைய கோயில் வேலை பாக்குறவங்ககிட்ட விசாரிச்சா கெடைப்பாங்க, கூலி கூட தான், ஆனா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ பெயிண்டருக்கு குடுக்குற காசை கூட்டிப் பாத்துட்டு சொல்லுங்க.

ரோடு ஒசந்த கதை எல்லா ஊர்லயும் இருக்கு. பழைய ரோட்ட சுரண்டாம மேல மேல தார் போட்டு போட்டு தெரு ஏறிடுச்சு, வீடு பள்ளத்துல போயிடுச்சு, உடனே வீட்டுக்குள்ள ஒன்றரை அடிக்கு மண்ணு கொட்டி தரைய தூக்கிடுறாங்க. இதுல மூணு வெனை. வாசல் நிலை குட்டையாயிடும், குனிஞ்சு போகணும். கொட்டுன மண்ணு செவத்த ஒட்டி நிக்கிறதால ஓதம் ஏறுற எடமும் ஒன்றரை அடி மேல வந்துடும், அடியில ஈரத்தடுப்பு போட்ட வீடா இருந்தாலும் அது மண்ணுக்குள்ள பொதைஞ்சு வேலைக்காகாம போயிடும். மூணாவது, சும்மா கெடைக்குதுன்னு வயல் களிமண்ணையே அள்ளிட்டு வந்து கொட்டுறது. களி, தண்ணி பட்டா உப்பும், காஞ்சா சுருங்கும், மேல எவ்ளோ வெல ஒசந்த விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டாலும் நடுவுல கீறல் விட்டு காலால தட்டுனா டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்கும். கிராவலோ மணலோ கொட்டி, அடுக்கு அடுக்கா தண்ணி விட்டு திம்சு போட்டு இறுக்கணும். ஜாக்கி வெச்சு வீட்டையே தூக்குறாங்களேன்னு கேப்பீங்க, அது சிமெண்ட் கட்டுமான வீட்டுக்கு சரிவரலாம், சேத்து மண்ணுல கட்டுன பழைய செவத்துக்கு நல்லா விஷயம் தெரிஞ்ச ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பாக்காம கை வெக்காதீங்க.

ஆத்தங்குடி டைல்ஸ் மேல இப்ப எல்லாருக்கும் ஆசை, அழகு தான், மறுக்கல. ஆனா அது சூளையில சுடுற டைல்ஸ் இல்ல, கண்ணாடி மேல கலரை ஊத்தி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணித் தொட்டியில ஊற வெச்சு காய வெக்கிறது, அதனால ஈரத்தை உறிஞ்சும். செட்டிநாடு காஞ்ச பூமி, அங்க தலைமுறை தலைமுறையா மின்னுது. நம்ம ஊர்ல கீழ ஈரத்தடுப்பு சரியா போடாம ஒட்டுனா அந்த சிவப்பு பூவுக்கு நடுவுல வெள்ளை உப்பு பூக்கும், அத பாத்து பயந்து ஆசிட் ஊத்தி கழுவுனா அன்னியோட கலரும் போச்சு. அடியில தடிமனான பாலித்தீன் ஷீட் விரிச்சு கான்கிரீட் போட்டு அதுக்கு மேல ஒட்டுறதா இருந்தா தாராளமா போடுங்க. உங்க வீட்டுல ஏற்கனவே ரெட் ஆக்சைடு தரை இருந்துச்சுன்னா, சாமி சத்தியமா அத ஒடைக்காதீங்க, அழுக்கு போக தேச்சு தேங்கா எண்ணெ தடவி துணியால துடைச்சு பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க.

முத்தத்த மூடுறது அடுத்த வியாதி. மழை சாரல், பூனை, திருட்டு பயம் எல்லாம் நியாயம் தான், ஆனா பாலிகார்பனேட் ஷீட்ட ஓட்டோட ஒட்டி காத்து போகாம மூடிட்டா பகல்ல வெக்கை, ராத்திரி புழுக்கம், மழை நாள்ல ஷீட்டுக்கு அடியில வேர்த்து சொட்டும். ஒன்றரை அடி ஒசத்தி கால் குடுத்து சுத்தி வலை அடிச்சா சூடு மேல போயிடும். ஷீட்ட சும்மா வெச்சு ரெண்டு ஸ்க்ரூ முடுக்கிட்டு போறவங்கள விடாதீங்க, 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்ப வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம் ஷீட்டு எப்புடி பறந்துச்சுன்னு பாத்தவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. முத்தத்து தரைய டைல்ஸ் போட்டு மேடாக்கும்போது தண்ணி வெளிய போற தூம்பை அடைச்சுடாதீங்க, இது நெறைய எடத்துல நடக்குது.

மாடுலர் கிச்சன்னு பார்ட்டிகிள் போர்டுல செஞ்சு குடுப்பாங்க, சிங்க்குக்கு அடியில மொத மழைக்கே ஊதிடும். ப்ளைவுட் தான்னா கமர்ஷியல் வேண்டாம், ஐஎஸ் 710 நம்பர் போட்ட மரைன் ப்ளை (தண்ணி தாங்குற ப்ளைவுட்) கேட்டு முத்திரைய பாத்து வாங்குங்க. அத விட நல்லது, அலமாரி உடம்ப ஃபெர்ரோ சிமெண்ட் (கம்பி வலை வெச்ச மெல்லிசு சிமெண்ட்) ஸ்லாப்லயோ கடப்பா கல்லுலயோ வெச்சுட்டு கதவு மட்டும் போடுறது, கரையானுக்கு அங்க திங்க ஒண்ணும் இருக்காது. பீரோவோ வார்ட்ரோபோ செவத்த ஒட்டி ஆணி அடிக்காம ரெண்டு இன்ச் எடம் விடுங்க. ஃபால்ஸ் சீலிங், அதுவும் மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல செங்கல் அடுக்குன பழைய கூரை) வீட்டுல, வேண்டவே வேண்டாம். கட்டை உளுத்துப் போறது கண்ணுக்கே தெரியாது, அறுப்பு முடிஞ்சதும் வயல்லேர்ந்து வர்ற எலிக்கு வாடகை இல்லாத வீடு வேற.

நாகப்பட்டினம், காரைக்கால், வேதாரண்யம் பக்கம் ஒரு விஷயம் கூட. கீல், தாழ்ப்பாள், கம்பி கேட் எல்லாத்தையும் உப்புக்காத்து தின்னுடும், 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே புள்ளி புள்ளியா துரு விடும், முடிஞ்சா 316 கேளுங்க, ஜன்னலுக்கு யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்). போர் தண்ணி உப்பா இருந்தா கான்கிரீட்டுக்கு கலக்காதீங்க, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு தான் ஐஎஸ் 456ங்குற இந்திய கான்கிரீட் தரவிதி சொல்ற எல்லை, டெஸ்ட்டுக்கு ஆகுற செலவு ஒண்ணும் பெருசில்ல.

கடைசியா நாள் குறிக்கிற விஷயம். மார்கழியில புதுமனை புகுவிழா கெடையாது, அதனால எல்லாரும் தைக்கு அடிச்சு புடிச்சு ஓடுவாங்க, ஐப்பசி கார்த்திகை மழையில பூசி, ஈரம் காயாமலே மார்கழியில பெயிண்ட் அடிச்சு, தையில பால் காய்ச்சி, சித்திரையில பெயிண்டரோட சண்டை. புது பூச்சு வெயில் நாள்லயே ஒரு மாசம் காயணும். கதவும் அப்புடித்தான், வைகாசியில ஆசாரி ஒரு நூல் எடம் கூட விடாம செஞ்சு மாட்டுனா கார்த்திகையில தொறக்க வராது, அவர்கிட்ட முன்னாடியே சொல்லி கொஞ்சம் எடம் விட சொல்லுங்க. நாள் தையில தான்னு வீட்டுல பெரியவங்க சொல்லிட்டா சண்டை போட வேணாம், அப்போதைக்கு வெள்ளை மட்டும் அடிச்சு பால் காய்ச்சிட்டு, பட்டியும் பெயிண்டும் பங்குனிக்கு மேல வெச்சுக்கங்க, பெயிண்டருக்கு அட்வான்ஸ மட்டும் இப்பவே குடுத்துடாதீங்க.