பைலட் பயிற்சிக் கடன் வட்டிக்கு வரிக்கழிவு: 80இ-யை எப்படிக் கேட்பது?

பெங்களூரில் ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை விமானியாக) இருக்கும் என் தம்பிக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வது நான்தான். எலகங்காவில் அவனோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கும் மதுரை, கோவைப் பையன்களும் "அக்கா, எனக்கும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று வந்து நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே சந்தேகம் என்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பான், படிவம் 16 எல்லாம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே வரும் கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு.

1. எதற்குக் கழிவு கிடைக்காது?

பயிற்சிப் பள்ளிக்குக் கட்டிய பணம், டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான பயிற்சி) செலவு, டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தேர்வுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு எதையும் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு உண்டு. பழைய வரி முறையில் தொழில் வரியையும் கழிக்கலாம். செலவுக் கணக்கு காட்டுவதெல்லாம் தொழில் வருமானம் உள்ளவர்களுக்குத்தான். பல லட்சம் செலவழித்த பிள்ளைகளுக்கு இது அநியாயமாகத்தான் படும், எனக்கும் அப்படித்தான். ஆனால் சட்டம் இதுதான்.

கிடைப்பது கடன் வட்டி. வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 80இ, அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ வாரியத்திலோ +2 முடித்த பிறகு படிக்கும் எந்தப் படிப்பையும் உயர்கல்வியாக ஏற்கிறது. சிபிஎல் (வணிக விமானி உரிமம்) பயிற்சியை இதன்கீழ்தான் கேட்கிறோம். வட்டிக்கு உச்சவரம்பே இல்லை. அசலுக்கு ஒரு பைசாகூடக் கிடையாது.

2. கடன் யார் பெயரில், யார் கொடுத்தது?

வங்கியோ, அரசு அறிவிக்கை செய்த நிதி நிறுவனமோ, அங்கீகாரம் பெற்ற அறநிறுவனமோ கொடுத்த கடனாக இருக்க வேண்டும். மாமாவிடம் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி கட்டினாலும் செல்லாது. கழிவு கேட்பவர் பெயர் கடனில் இருப்பதும் அவசியம். அப்பா பெயரில் மட்டும் கடன் இருந்து, மகன் சம்பளத்திலிருந்து இஎம்ஐ கட்டினால் மகனுக்குக் கழிவு இல்லை. இன்னும் கடன் வாங்காதவர்கள், இருவர் பெயரையும் சேர்த்து வாங்குங்கள். அனுமதிக் கடிதத்தில் "கல்விக் கடன்" என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். சும்மா பர்சனல் லோன் என்று இருந்தால் நோக்கத்தை நிரூபிப்பது பெரும்பாடு.

3. வட்டிச் சான்றிதழை வரி வரியாகப் படியுங்கள்

எங்களை ரொம்ப நாள் அலையவிட்டது இந்தப் படிதான். ஊரில் இருக்கும் வங்கிக் கிளை கொடுத்த சான்றிதழில் "வட்டி" என்று ஒரே ஒரு தொகை இருந்தது. அது அந்த வருடம் கணக்கில் ஏற்றிய வட்டி. தம்பிக்கு இஎம்ஐ அக்டோபரில்தான் தொடங்கியது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஏறிய வட்டியை அவன் கட்டவே இல்லை, அது அசலோடு சேர்ந்துவிட்டது. சட்டம் கேட்பது அந்த நிதியாண்டில் கட்டிய வட்டியை மட்டும்தான். மார்ச் மாத இஎம்ஐ ஏப்ரல் 2-ஆம் தேதி கழிந்தால் அதுவும் அடுத்த வருடக் கணக்கு.

அதனால் கிளையில் கேட்கும்போதே "ஏற்றிய வட்டி, கட்டிய வட்டி, கட்டிய அசல் மூன்றையும் தனித்தனியாகப் போட்டுக் கொடுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். கடன் கணக்கின் ஸ்டேட்மெண்ட்டை இறக்கி நீங்களே ஒரு முறை கூட்டிப் பாருங்கள். எனக்குச் செயலிகளைவிட எக்செல் மேல்தான் நம்பிக்கை. எந்த எண் எங்கே உதைக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் எட்டு வருடக் கணக்கு. வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டோடு சேர்த்து எட்டு மதிப்பீட்டு ஆண்டுகள்தான் கழிவு கிடைக்கும். பயிற்சியின்போதே, வருமானம் இல்லாத காலத்தில், உங்கள் பெயரில் வட்டி கட்ட ஆரம்பித்தால் அந்த வருடங்கள் வீணாகக் கழிந்துபோகும். இணைக் கடன்தாரரான அப்பா தன் வரிக்குரிய வருமானத்திலிருந்து கட்டினால் அவருக்குக் கழிவு. அவருடைய எட்டு வருடம்தான் ஓடும். பிரிவின் வாசகமே "வரி செலுத்துபவர் வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டு" என்றுதான் இருக்கிறது.

4. பழைய முறையா, புதிய முறையா?

80இ பழைய முறையில் மட்டுமே. சம்பளம் 24 லட்சம், கட்டிய வட்டி 7 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புதிய முறையில் 75,000 கழித்து, செஸ் சேர்த்து வரி 2,92,500. பழைய முறையில் 50,000-மும் வட்டியும் மட்டும் கழித்தால் 3,19,800. ஆமாம், ஏழு லட்சம் கழித்தும் அதிகம்! 80சி-யில் (பிஎஃப், எல்ஐசி போன்ற சேமிப்புகளுக்கான கழிவு) ஒன்றரை லட்சம் முழுசாக இருந்தால்தான் 2,73,000-க்கு இறங்குகிறது. வாடகைப்படி விலக்கு இருந்தால் இன்னும் குறையும். ஆகவே வட்டி இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு பழைய முறைக்குப் போகாதீர்கள். வருமான வரித் துறைத் தளத்திலேயே இரண்டு முறைகளையும் ஒப்பிடும் கால்குலேட்டர் இருக்கிறது, அதுவே போதும்.

5. தாக்கல்

டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) குறைய வேண்டுமானால், கழிவுகளைத் தெரிவிக்கும் படிவம் 12பிபி-யில் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். சொல்லத் தவறினாலும், நிறுவனம் புதிய முறையில் பிடித்திருந்தாலும், ஐடிஆரில் (வருமான வரிக் கணக்குப் படிவத்தில்) மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் பழைய முறை. பிந்தினால் தானாகப் புதிய முறைதான். 80இ பகுதியில் வங்கி பெயர், கடன் கணக்கு எண், அனுமதித்த தேதி, மொத்தக் கடன், மார்ச் 31 நிலுவை, வட்டி எல்லாம் கேட்கும். சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பின்சேர்க்கை: வெளிநாட்டில் பயிற்சி எடுத்தவர்கள் இருவர் கேட்டார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கும் 80இ உண்டு. கடன் மட்டும் மேலே சொன்ன வகையாக இருக்க வேண்டும். சொந்தப் பணத்தில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பியிருந்தால் வங்கி டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடித்திருக்கும். அது அனுப்பியவர் பான் எண்ணில் விழும். அப்பா அனுப்பியிருந்தால் அவருடைய 26ஏஎஸ் (பிடித்த வரிகளின் பட்டியல்) படிவத்தில் பார்த்து, அவர் கணக்கில் கேளுங்கள்.

இன்னொன்று: 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருகிறது, பிரிவு எண்கள் மாறுகின்றன. 2025-26 வருமானத்துக்கு இந்த 80இ என்ற எண்ணே செல்லும். அதற்கடுத்த வருடம் நிறுவனம் அனுப்பும் படிவத்தில் வேறு எண் இருந்தால் குழம்ப வேண்டாம்.