பழைய விமானத்துக்குப் பெரட்டு எடுப்பது எப்படி

என் அப்பா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் வாசிக்கும்போது பதில் வராவிட்டால், தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்கே போய்க் கதவைத் தட்டுவார். ‘வந்திருப்பான்’ என்று நினைத்து ஒருநாளும் அடையாளம் போட்டதில்லை. இப்போது ஈப்போவில் நிற்கும் 1978ஆம் ஆண்டு செஸ்னா 172 சிறு விமானம் ஒன்றில் நானும் மூன்று நண்பர்களும் பங்கு வைத்திருக்கிறோம். அதை எடுக்கும் ஒவ்வொரு காலையும் நான் செய்வது அப்பாவின் பெரட்டுதான். பழைய விமானத்தில் பங்கு சேரப்போகும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

லைசன்ஸ் பெற்ற இன்ஜினியர் போட்ட கையெழுத்து, அவர் பார்த்த அன்றைய நிலையைத்தான் சொல்லும். அதற்குப் பிறகு பெய்த மழையும் கூடு கட்டிய குளவியும் அந்தத் தாளில் இருக்காது. அதைப் பார்க்க வேண்டியது விமானியாக இடது இருக்கையில் உட்காரப்போகிறவர். வேறு ஆள் கிடையாது.

முதலில் பெட்ரோல். நாம் ஊற்றும் அவ்கேஸ் 100 எல்எல் வெளிர் நீலமாக இருக்கும். தண்ணீர் அதைவிடக் கனம் என்பதால் இறக்கையில் இருக்கும் தொட்டியின் அடியில் தங்கும். ஒவ்வொரு வடிகாலிலும் குப்பியில் கொஞ்சம் பிடித்து, நடுவில் கோடு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லித் தருவார்கள். ஒரு நவம்பர் காலை, இரவெல்லாம் மழை கொட்டிய பிறகு, நானும் அப்படித்தான் பார்த்தேன். கோடே இல்லை. வானத்துக்கு நேரே பிடித்தேன், நீலமாகத்தான் தெரிந்தது. ஏதோ உறுத்தியதால் வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பார்த்தேன். நிறமே இல்லை. நான் பார்த்த நீலம் வானத்தின் நீலம். குப்பி முழுக்கத் தண்ணீர்.

அன்று பெரியம்மா மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். சின்னது இரண்டும் தீபாவளிச் சட்டையில் நின்றன. “கொஞ்சம் தண்ணிதானே தம்பி, வடிச்சிட்டுப் போலாமே” என்றார் அண்ணன். வடித்தேன். இறக்கையை ஆட்டிவிட்டு மறுபடி வடித்தேன். ஏழாவது குப்பியில்தான் சுத்த நீலம் வந்தது. ஆனாலும் போகவில்லை. தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது என்று தெரியாமல், இனி வராது என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகளை லிட்டில் இந்தியாவுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். அண்ணி வழியெல்லாம் பேசவில்லை. தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது மறுநாள்தான் தெரிந்தது. ஆகவே குப்பியை எப்போதும் வெள்ளைக்கு எதிரே பிடியுங்கள், மோந்தும் பாருங்கள். மூடி வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

அப்புறம் குளவி. வேகத்தை அளக்கக் காற்றை வாங்கும் பிட்டோ குழாய், மண்குளவிக்கு அளவெடுத்துச் செய்த வீடு மாதிரி. அது அடைத்தால் வேகமானி பொய் சொல்லும். பெட்ரோல் தொட்டிக்குள் காற்று போகும் வென்ட் குழாய் அடைத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் வருவதே நின்றுபோகலாம். பிட்டோவுக்குள் வாயால் ஊதாதீர்கள், உள்ளே இருக்கும் கருவி கெட்டுவிடும்.

இருக்கையில் உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் பலமாக அசைத்துப் பாருங்கள். பழைய செஸ்னாக்களில் இருக்கை நகரும் தண்டவாளத்தின் ஓட்டைகள் தேய்ந்து, மேலெழும்போது இருக்கை சரேலென்று பின்னால் போயிருக்கிறது. அப்போது கை தானாக ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும், விமானத்தின் மூக்கு தூக்கும், இறக்கை தாங்கும் சக்தியை இழந்து விமானம் விழும். இதற்காகவே 1987இல் அமெரிக்க அதிகாரிகள் கட்டாயச் சோதனை உத்தரவு போட்டார்கள்.

எஞ்சினை நிமிடத்துக்கு 1,700 சுற்றில் வைத்து, தீப்பொறி கொடுக்கும் இரண்டு மேக்னெட்டோக்களையும் ஒன்று மாற்றி ஒன்று அணைத்துப் பாருங்கள். எங்கள் விமானத்தின் புத்தகப்படி ஒவ்வொன்றிலும் 125 சுற்றுக்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50ஐத் தாண்டக் கூடாது. ஒன்றை அணைத்தும் சுற்று குறையவே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். அந்த மேக்னெட்டோ அணையாமலே இருக்கலாம். அப்படியானால் சாவியை எடுத்த பிறகும் புரொப்பல்லரைக் கையால் அசைத்தால் எஞ்சின் உயிர் பெறக்கூடும்.

நம் ஊருக்கென்றே அழுத்திச் சொல்ல வேண்டியது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் உறையும் பனி. இந்த வெயிலில் பனியா என்று கேட்பார்கள். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் வெப்பம் சில நேரம் 30 டிகிரிக்கு மேல்கூடக் குறையும். வெளியே 30 டிகிரி இருந்தாலும் நம் ஈரக்காற்று உள்ளே உறையும், அதிலும் பவரைக் குறைத்து இறங்கும்போது. சுற்று மெல்ல விழுவதுதான் முதல் அடையாளம். சூடான காற்றை உள்ளே விடும் கார்ப் ஹீட் பிடியை முழுதாக இழுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். உருகிய தண்ணீர் உள்ளே போகையில் எஞ்சின் தடுமாறும். பயந்துபோய்த் திரும்ப உள்ளே தள்ளிவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் சுற்று ஏறும்.

வெயிலும் சும்மா இருப்பதில்லை. ஈப்போ கடல் மட்டத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் 33 டிகிரியில் காற்று லேசாகிவிடுவதால் விமானம் 2,000 அடிக்கு மேலே நிற்பது போல நடந்துகொள்ளும். ஓடும் தூரம் கூடும், ஏற்றம் மந்தமாகும். கிழக்கே கோர்பு மலை 2,183 மீட்டர். மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் மேகம் கட்டும். அதனால் 11 மணிக்குள் இறங்கிவிடுவது என் சொந்தச் சட்டம். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. எஞ்சின் நின்றால் இறங்க நல்ல இடம் குறைவு. தோட்டத்துத் திடல், பள்ளித் திடல், புதுநடவு நிலம் எல்லாம் எங்கே என்று போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

பங்காளிகளுக்குள் இரண்டு பேச்சு முதல் நாளே முடிந்திருக்க வேண்டும். ஒன்று பணம். இந்த எஞ்சினை முழுதாகப் பிரித்துச் செப்பனிட, அதைச் செய்த லைகோமிங் நிறுவனம் சொல்லும் கணக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அது. பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் அதற்காக ஒரு தொகை ஒதுக்குங்கள். பை காலியாக இருந்தால் ‘இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்’ என்ற வார்த்தை தானாக வரும். இன்னொன்று, நாலு பேரில் யார் ‘இன்று வேண்டாம்’ என்றாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. எங்கள் செஸ்னாவில் இதை எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கிறோம்.

வாரக்கணக்கில் நின்ற எஞ்சினைத் தரையில் பத்து நிமிடம் ஓட்டுவது அதற்கு நல்லதல்ல. எண்ணெய் சூடேறி ஈரம் போவதற்குள் அணைத்துவிடுகிறோம், உள்ளே துருப்பிடிக்கிறது. நேரமிருந்தால் பறந்து வாருங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

இறங்கியதும் பிட்டோவுக்கு உறையைப் போடுங்கள். அடுத்த பயணத்துக்கு எடை இடம் கொடுத்தால் தொட்டியை நிரப்பி வையுங்கள், உள்ளே காற்று குறைந்தால் தண்ணீர் கோர்ப்பதும் குறையும். கேட்ட சத்தம், பார்த்த கசிவு எல்லாவற்றையும் அன்றே புத்தகத்தில் எழுதுங்கள். நாளைக் காலை பங்காளி திறக்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.