ரெசிபியில் சொன்ன 'அறை வெப்பநிலை' கடலூர் அறைக்கு ஒத்துவராது: கேக்கும் ஊர்சுற்றலும், தவிர்க்க வேண்டிய தவறுகளும்

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி வீடு, மேற்கு பார்த்த சமையலறை. சனிக்கிழமை ராத்திரி எதையாவது பேக் பண்ணுவோம், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அதை டப்பாவில் போட்டுக்கொண்டு பிச்சாவரமோ, செஞ்சியோ, புதுச்சேரிப் பக்கமோ கிளம்பிவிடுவோம். எங்களுக்கு இரண்டும் ஒரே வேலை மாதிரிதான். இரண்டிலும் நாங்கள் செய்த தவறுகளும் ஒரே இடத்திலிருந்து வந்தவைதான்: யாரோ எந்த ஊரிலோ எழுதிய அளவையும் நேரத்தையும் அப்படியே எடுத்து, இந்தக் கடற்கரை வெயிலிலும் ஈரக்காற்றிலும் செய்துபார்த்தது. புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வெண்ணெய். கேக் ரெசிபி பாதிக்கு மேல் 'வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்' என்றுதான் ஆரம்பிக்கும். எழுதினவர் ஊரில் அறை என்றால் 20 டிகிரி. மே மாதம் சாயங்காலம் எங்கள் சமையலறை 35க்குக் கீழே இறங்காது, வெண்ணெய் உருகுவதே 32லிருந்து 35 டிகிரிக்குள்தான். ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு வந்து பார்த்தால் கிண்ணத்தில் பாதி எண்ணெயாக நிற்கும். அதைச் சர்க்கரையோடு அடித்தால் என்ன, எப்படியும் கலக்கப்போகிறதுதானே என்று தோன்றும், அங்கேதான் தவறு. வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிப்பது கலப்பதற்காக மட்டும் இல்லை, சர்க்கரைத் துகளின் முனைகள் வெண்ணெய்க்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களை உண்டாக்குவதற்காக. பேக்கிங் பவுடர் புதுக் குமிழ் எதையும் உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கிற குமிழைத்தான் பெரிதாக்குகிறது. உருகின வெண்ணெயில் காற்று நிற்காது. அப்புறம் எவ்வளவு பேக்கிங் பவுடர் போட்டாலும் கேக் அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு கட்டியாகத்தான் வரும்.

நாங்கள் இப்போது செய்வது இது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் பத்து நிமிடம் மட்டும் வெளியே வைப்போம். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் பளபளப்பு ஒட்டக்கூடாது, அதுதான் சரியான பதம். அடிக்கிற கிண்ணத்துக்கு அடியில் ஐஸ் தண்ணீர்த் தட்டு ஒன்றை வைத்துக்கொள்வோம். ஏப்ரல், மே மாதங்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வெண்ணெய் கேக்கில் கை வைப்போம். அதற்கும் பொறுமை இல்லாத நாளில் எண்ணெய் கேக். மணமில்லாத சூரியகாந்தி எண்ணெய் போதும், நம் ஊர் வெயிலுக்கு அது நல்ல கேக், மறுநாளும் மிருதுவாக இருக்கும்.

அடுத்தது கிரீம் கேக். நாத்தனார் பிறந்தநாளுக்கு ஒரு கிலோ கேக்கை நாங்களே செய்து, மேலே விப்பிங் கிரீமில் ரோஜாப்பூ எல்லாம் போட்டு, பகல் பன்னிரண்டு மணிக்குப் புதுச்சேரி முதலியார்பேட்டைக்கு வண்டியில் கிளம்பினோம். டப்பா என் மடியில். தென்பெண்ணைப் பாலம் தாண்டும்போது நன்றாகத்தான் இருந்தது. ரெட்டிச்சாவடியில் இரண்டு வேகத்தடை, கன்னியக்கோவிலில் நெரிசல், கிருமாம்பாக்கம் தாண்டும்போது டப்பாவின் ஒரு பக்கம் கனமாகத் தெரிந்தது. அவர் ஓரமாக நிறுத்தினார். "மூடியைத் திறந்து பார்க்கட்டுமாங்க?" என்றேன். "வேணாம்மா, திறந்தா இன்னும் சூடு ஏறும்" என்றார். தவளக்குப்பத்தில் நிழலில் நிறுத்திப் பார்த்தபோது மேல் அடுக்கு முழுவதும் ஒரு பக்கமாக வழுக்கி இறங்கியிருந்தது, பூக்கள் எல்லாம் டப்பாச் சுவரில். நாத்தனார் அதையும் ஸ்பூனில் எடுத்துச் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டார், ஆனால் மூன்று மணி நேர வேலை அப்படிப் போனது எனக்கு இன்றைக்கும் மனசில் இருக்கிறது.

இரண்டு சக்கர வண்டியில் கிரீம் கேக் வேண்டவே வேண்டாம். கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் கேக்கை மட்டும் முந்தின ராத்திரியே செய்து, முழுதாக ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப் போங்கள். கிரீமைத் தனி டப்பாவில் ஐஸ் நடுவில் வைத்துக்கொண்டு, போன இடத்தில் பூசுங்கள். அடிக்காத கிரீமை வெளியே வைத்து உருக்குவதும் எல்லோரும் செய்கிற தப்பு, முந்தின நாளே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்குக் கீழே இறக்கிவிட வேண்டும், அடிக்கிற கிண்ணமும் ஜில்லென்று இருக்க வேண்டும். கிரீமுக்குப் பதில் சாக்லேட் கனாஷ் பூசலாம். டார்க் சாக்லேட் இரண்டு பங்குக்கு கிரீம் ஒரு பங்கு. ரெசிபிகளில் பெரும்பாலும் இருக்கிற சம அளவு நம் ஊரில் கெட்டியாக நிற்காது.

ஓவன் விஷயம் சுருக்கமாக. 28, 30 லிட்டர் ஓடிஜி ஏறக்குறைய 1500 வாட் இழுக்கும், அதை டிவி மாட்டுகிற சின்ன சாக்கெட்டிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டாதீர்கள், 16 ஆம்பியர் பவர் சாக்கெட்தான் வேண்டும். வாடகை வீடு என்றால் ஓனரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், இதில் சோம்பல் கூடாது. ஓவனின் திருகு குமிழ் 180 டிகிரி காட்டும், உள்ளே 160 இருக்கும், இல்லை 200 இருக்கும். உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். குக்கரில் செய்கிறவர்கள் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்ற வேண்டும். பாதியில் கரண்ட் போனால் பதறிக் கதவைத் திறக்காதீர்கள், மூடியே இருந்தால் உள்சூடு கொஞ்ச நேரம் தாங்கும். முதல் இருபது நிமிடத்துக்குள் திறந்தால் கரண்ட் இருந்தாலும் நடுவில் குழி விழும்.

அளவு. மைதாவை டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினால் 150 கிராம் வரை ஏறிவிடும், ஸ்பூனால் போட்டு நிரப்பினால் 120, 125தான் வரும். ஒரே ரெசிபி ஒரு வாரம் பஞ்சாகவும் மறுவாரம் செங்கல்லாகவும் வருகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஒரு சின்ன எடைத் தராசு வாங்குங்கள், அழகான கேக் டின் வாங்குவதற்கு முன்னால் வாங்குங்கள்.

ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றில்லை. சோடா வேலை செய்யத் தயிர், மோர், எலுமிச்சைச் சாறு மாதிரி ஏதாவது புளிப்பு வேண்டும், இல்லாவிட்டால் கேக்கில் சோப்பு வாசம் அடிக்கும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது. 125 கிராம் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் போதும். நம் ஊர் ஈரக்காற்றில் திறந்த டப்பா சீக்கிரம் சக்தி இழந்துவிடும், கொஞ்சம் வெந்நீரில் போட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கினால் நல்லது, சும்மா கரைந்தால் தூக்கிப் போடுங்கள்.

பலாப்பழக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறது, சீசனில் வீடு முழுக்க அந்த வாசனைதான். சுளையை அப்படியே நறுக்கிப் போட்டால் சுற்றிலும் மாவு வேகாமல் ஈரமாக நிற்கும், ஏனென்றால் சுளையில் அவ்வளவு தண்ணீர். அத்தை சொல்லித்தான் கற்றுக்கொண்டேன்: சுளையைப் பொடியாக நறுக்கி, ஒரு ஸ்பூன் நெய்யில் கொஞ்சம் வெல்லத்தோடு வதக்கி, கரண்டியை இழுத்தால் வாணலியின் அடி தெரிகிற வரைக்கும் சுண்டவிட வேண்டும், ஆறவைத்த பிறகுதான் மாவில் சேர்க்க வேண்டும். பண்ருட்டி முந்திரியையும் பச்சையாகப் போடாதீர்கள். லேசாக வறுத்து, ஒரு சிட்டிகை மைதாவில் புரட்டிப் போட்டால் அடியில் போய்த் தங்காது. இப்படிச் செய்த கேக்குக்கு ஈடாகக் கடையில் எதையும் நான் சாப்பிட்டதில்லை.

ரொட்டி செய்கிறவர்களுக்கு ஒன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பழக்கத்தில் நல்ல ரொட்டி கிடைக்கிறது, அதைச் சாப்பிட்டுவிட்டு வீட்டிலும் செய்துபார்க்கிற ஆசை வருவது இயல்பு. ரெசிபியில் 'மாவு இரண்டு மடங்காக ஒன்றரை மணி நேரம் வையுங்கள்' என்று இருக்கும். நம் வெயிலில் நாற்பது நிமிடத்தில் பொங்கிவிடும், அதற்கு மேல் வைத்தால் புளித்து, ஓவனில் போட்டதும் அமுங்கிவிடும். வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீரில் பிசையுங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். விரலால் குத்தினால் குழி மெல்ல மெல்ல மேலே வர வேண்டும்.

மழைக்காலத்தில் பிஸ்கட் பிரச்சினை. நவம்பரில் ஆறவைத்த தட்டிலேயே நமத்துப்போகும். கை பொறுக்கிற சூடு வந்ததுமே காற்றுப் புகாத டப்பாவில் போடுகிறார்கள், அந்த ஆவியே போதும் நமுத்துப்போக. முழுதாக ஆற வேண்டும், ஆனால் அதற்கு மேல் ஐந்து நிமிடம்கூட வெளியே இருக்கக்கூடாது. நமத்துப்போனதை 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் மறுபடி வைத்தெடுக்கலாம்.

சரி, இனி ஊர்சுற்றல். எங்களுக்கு மிகப் பிடித்த இடம் பிச்சாவரம் சுரபுன்னைக் காடு. அங்கே பதினோரு மணிக்குப் போய் வரிசையில் நிற்பதுதான் பலரும் செய்கிற தவறு. உச்சி வெயிலில் படகில் நிழலே கிடையாது. காலையில் முதல் படகுக்குப் போய்விட வேண்டும். மோட்டார் படகு வேகமாகச் சுற்றிக் காட்டும், ஆனால் அகலமான வாய்க்காலோடு நின்றுவிடும். சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் இறங்கித் தலைக்கு மேல் கிளைகள் கூடுகிற குறுகிய வாய்க்காலுக்குள் துடுப்புப் படகுதான் போகும். அவசரப்பட்டு மோட்டார் படகில் ஏறிவிட்டுப் 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இன்னொன்று, கைக்கு எட்டுகிறது என்று இலை, கிளைகளை ஒடிக்காதீர்கள். அங்கே தில்லை மரமும் இருக்கிறது, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பார்வைக்கே ஆபத்து.

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டையின் ராஜகிரி மலையை மதியத்துக்கு மேல் ஏறலாம் என்று நினைக்கக்கூடாது. ஏறக்குறைய 800 அடி உயரம், கருங்கல் படி, பத்து மணிக்கே சூடு காலைச் சுடும். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் மராட்டியக் கோட்டைகளோடு சேர்ந்த பிறகு கூட்டமும் இருக்கும் என்று எதிர்பார்த்தே போங்கள். மேலே குரங்குகள் உண்டு, டப்பா கையில் தெரிந்தால் விடாது. கேக்கைக் கீழேயே சாப்பிட்டுவிட்டு, தண்ணீரை மட்டும் பைக்குள் வைத்து ஏறுங்கள்.

கடற்கரைகளில் அலை சாதுவாகத் தெரிகிறது என்று இறங்குவதுதான் பெரிய தவறு. கடலூர் தேவனாம்பட்டினமோ புதுச்சேரிப் பக்கத்து செரினிட்டி கடற்கரையோ, இந்தக் கரையில் உள்ளிழுப்பு பலமாக இருக்கும், நீந்தத் தெரிந்தவர்களையும் இழுத்துப் போயிருக்கிறது. முழங்கால் அளவு போதும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், அதைத் தெரிந்துகொண்டு போனால் வண்டியை எங்கே நிறுத்துவது என்று சுற்ற வேண்டியதில்லை. ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திர் உள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், சும்மா போனால் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத்தான் வரலாம்.

நவம்பர், டிசம்பரில் பணம் திரும்பாத அறை எதையும் பதிவு செய்யாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் இந்தக் கரையில்தான் ஏறி, பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை, தென்பெண்ணையில் வெள்ளம். அந்த மாதங்களில் நாங்கள் முந்தின நாள் வானிலை பார்த்துத்தான் முடிவெடுப்போம், போக முடியாவிட்டால் வீட்டிலேயே ரவை, முட்டை, வெண்ணெய், முந்திரி, திராட்சை போட்டுப் புதுச்சேரிக் கிறிஸ்துமஸ் கேக்கான விவிகம் செய்வோம். அதில் ரவையை வெண்ணெயோடு கலந்து நன்றாக ஊறவிட வேண்டும், அவசரப்பட்டால் பல்லில் மணலாகக் கடிபடும்.

பயணத்துக்கு எங்கள் வழக்கம் வாழைப்பழ வெல்லக் கேக், நீள டின்னில். சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு ஓவனில் போனால் பத்தரைக்குள் வெளியே வரும். சூட்டோடு சுற்றினால் ஆவி உள்ளேயே நின்று மறுநாள் மதியத்துக்குள் பிசுபிசுத்துவிடும், அதனால் விடியும் வரை கம்பித் தட்டில், மேலே மெல்லிய துணி மட்டும். காலை ஐந்தரைக்கு அவர் பட்டர் பேப்பரில் முழுசாகச் சுற்றுவார், துண்டு போடமாட்டார், வெட்டின பக்கம் காற்றில் காய்ந்துவிடும். கத்தி ஒன்று, பழைய வேட்டித் துணி ஒன்று. பிச்சாவரத்தில் படகு திரும்பியதும் கரையில் நிழல் பார்த்து உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு, அப்போதுதான் முதல் துண்டை வெட்டுவோம்.