ஊர் லுத்தரன் கோவிலில் என்ன விசேஷம்? விடுமுறையில் வருகிறவர்களுக்கு

விமான டிக்கெட் போடும்போது பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்க்கிறோம், கட்டணத்தைப் பார்க்கிறோம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத் தேதியைப் பார்க்கிறோம். ஊர்க் கோவிலின் தேதிகளைக் கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் குறைவு. வந்து இறங்கியதும் சித்தி சொல்வார்: "போன ஞாயிறுதானே அறுப்பின் பண்டிகை முடிஞ்சுது, ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

இந்தத் தேதிகளை இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பல சபைகளில் வரப்போகும் நிகழ்ச்சிகள் மூன்று இடங்களில்தான் இருக்கும்: ஞாயிறு ஆராதனையில் வாசிக்கும் அறிவிப்பு, வாசலில் இருக்கும் பலகை, சபையின் வாட்ஸ்அப் குழு. டிக்கெட் போடும் முன் ஊரில் இருக்கும் சொந்தக்காரரை அந்தக் குழுவில் உங்களைச் சேர்த்துவிடச் சொல்லுங்கள். சபையின் போதகரான ஆயருக்கும் ஒரு போன் போடுங்கள். ஆராதனை எத்தனை மணிக்கு, அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து எந்த ஞாயிறு, நீங்கள் இருக்கும் நாட்களில் விசேஷ ஆராதனை உண்டா என்று கேட்டால் போதும். ஒரே ஆயர் இரண்டு மூன்று கோவில்களைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் கிளைச் சபையில் மாதத்துக்கு ஒருமுறைதான் திருவிருந்து இருக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த மாதம் நீங்கள் டொராண்டோவில் இருப்பீர்கள்.

முதலில், எந்த லுத்தரன்?

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது. ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் வழிவந்தவர்கள்தான் லுத்தரன்கள், ஆனால் தமிழ்நாட்டில் லுத்தரன் என்றால் ஒரே சபை இல்லை. தஞ்சாவூர், திருச்சி, மயிலாடுதுறை, மதுரை, கோவை, சென்னைப் பக்கம் என்றால் பெரும்பாலும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, அதாவது டி.இ.எல்.சி. தரங்கம்பாடியில் தொடங்கி, பிறகு ஜெர்மனியின் லைப்சிக் மிஷனும் ஸ்வீடன் மிஷனும் வளர்த்தது இது. 1919 ஜனவரி 14 அன்று தனிச் சபையானது. தலைமையகம் திருச்சி. ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, நாகர்கோவில் பக்கம் என்றால் அமெரிக்காவின் மிசூரி மிஷன் வழிவந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, அதாவது ஐ.இ.எல்.சி. கடலூர், திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்றால் டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை. 1947-ல் பல புராட்டஸ்டண்ட் சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது இவை மூன்றும் அதில் சேரவில்லை.

அதனால் தாத்தா ஞானஸ்நானம் பெற்ற கோவிலைத் தேடிப் போகிறவர்கள் பெயர்ப் பலகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவுக்குள் இருக்கும் சுவார்ட்ஸ் ஆலயம் 1779-ல் கட்டப்பட்டது. ஜெர்மன் மிஷனரியான சுவார்ட்ஸ் லுத்தரன் போதகர்தான், ஆனால் கோவில் இன்று சி.எஸ்.ஐ. வசம். தஞ்சாவூர் லுத்தரன் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு நேராக அங்கே போய் நின்றால் உங்கள் பதிவேடு அங்கே இருக்காது. திருவிருந்து விஷயத்திலும் சபைக்குச் சபை கண்டிப்பு மாறும். வேறு சபையார் கலந்துகொள்ளலாமா என்பதை ஆராதனைக்கு முன்பே ஆயரிடம் கேட்டுவிடுங்கள். பலிபீடக் கிராதியில் முழங்கால் போட்ட பிறகு கேட்பது இரண்டு பேருக்கும் சங்கடம்.

டிசம்பர்

தேதி உங்கள் கையில் இருக்கிறது என்றால் டிசம்பரில் வாருங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறும் திருவருகைக் காலம். கோவிலுக்கு வெள்ளையடிப்பு, நட்சத்திரம் கட்டுவது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடக ஒத்திகை எல்லாம் அப்போதே தொடங்கிவிடும். 24-ஆம் தேதி காலையில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கிடைப்பது முடிந்த வேலையின் பலன் மட்டும்தான். பத்து நாள் முன்னதாக வருகிறவர்களுக்கு வேலையே கிடைக்கும், என்னைக் கேட்டால் அதுதான் நல்ல பங்கு.

கேரல் ரவுண்ட்ஸ் போவது அதில் முக்கியம். ராத்திரி எட்டு மணிக்குக் கோவிலில் ஜெபித்துவிட்டு ஒரு வேனிலோ டெம்போவிலோ வாலிபர்கள் கிளம்புவார்கள். கிட்டார், டிரம், பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கர், பஞ்சு தாடி ஒட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா ஒருவர். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம், அப்புறம் வாழ்த்து. வீட்டுக்காரர் காணிக்கைக் கவர் கொடுப்பார், தட்டில் முறுக்கும் கேக்கும் வரும், டீ வரும். ஐந்தாவது வீட்டு டீயை யாராலும் குடிக்க முடியாது, ஆனாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசி வீட்டுக்குப் போகும்போது விடியற்காலை மூன்று மணி ஆகிவிடும். அந்த வீட்டுப் பாட்டி அதுவரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உங்கள் பதினாறு வயது மகனுக்குத் தமிழ் தடுமாறும் என்று தயங்க வேண்டாம். அந்த வேனில் ஏற்றிவிடுங்கள். பல்லவியைப் பிடித்துக்கொள்ள இரண்டு வீடு போதும், டிரம் அடிக்கத் தெரிந்தால் அதுகூட வேண்டாம். ஒன்று மட்டும்: வடகிழக்குப் பருவமழை அப்போதும் ஓய்ந்திருக்காது. டெல்டா மாவட்டங்களில் மழைக்கோட்டு இல்லாமல் போகாதீர்கள், ஒரு நாள் ரவுண்ட்ஸ் தள்ளிப்போனால் ஆச்சரியப்படாதீர்கள்.

கிறிஸ்துமஸ் ஆராதனை பெரும்பாலான ஊர்களில் விடிவதற்கு முன் தொடங்கிவிடும். முதல் மணி அடித்தபோது நீங்கள் கிளம்பியிருக்க வேண்டும். இரண்டாம் மணிக்கு உட்கார இடம் இருக்காது. 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனையில் பழைய வருடத்துக்கு நன்றி சொல்லி, பன்னிரண்டு மணிக்குப் புது வருடத்தை வரவேற்பார்கள். பல சபைகளில் அப்போது வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்பதும் உண்டு. ஊர்க்காரர் பாதிப்பேரை ஒரே இடத்தில் பார்க்க இதைவிட நல்ல ராத்திரி கிடையாது.

மற்ற மாதங்கள்

ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைதான் கிடைக்கிறது என்றால் தரங்கம்பாடிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், அதைப் பிறகு சொல்கிறேன். அக்டோபர் 31 சீர்திருத்தத் திருநாள். 1517-ல் லுத்தர் தம் 95 வாதங்களை வெளியிட்ட நாள். அதை ஒட்டிய ஞாயிறு லுத்தரன் சபைகளில் விசேஷமானது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலத்தில் வந்தால் வார நாள் மாலைக் கூடுகைகளும், பெரிய வெள்ளி அன்று நண்பகல் முதல் மூன்று மணி வரை சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனையும் இருக்கும். மின்விசிறி ஓடினாலும் வியர்க்கும், பருத்தித் துணி உடுத்திக்கொள்ளுங்கள்.

அறுப்பின் பண்டிகைக்குப் பொதுத் தேதி கிடையாது, ஒவ்வொரு சபையும் தனக்கு ஏற்ற ஞாயிறில் வைக்கும். நெல், வாழைத்தார், பூசணி, கோழி, வீட்டில் சுட்ட பலகாரம் எல்லாம் வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் ஒரு சீப்பு வாழைப்பழத்தின் விலை எங்கேயோ போய்விடும். சிரித்துக்கொண்டே இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுக்கொடுக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பாட்டு

ஊர் லுத்தரன் கோவிலில் இரண்டு ஓடைகள் ஒன்றாக ஓடுவதைக் கேட்கலாம். ஒன்று, ஜெர்மன் மிஷனரிகள் கொண்டுவந்த மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகள். சென்னையில் பல பத்தாண்டுகள் பணிசெய்த ஜெர்மன் மிஷனரி பெப்ரிசியுஸ் தமிழாக்கியவை இவற்றில் நிறைய. இன்னொன்று கர்நாடக ராகங்களில் அமைந்த கீர்த்தனைகள். சுவார்ட்ஸிடம் வளர்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இந்த வழியின் பெரிய பெயர். ஒரே ஆராதனையில் ஆர்கனோடு நான்கு குரலில் ஒரு பாட்டும், தாளம் தட்டி ஒரு கீர்த்தனையும் வரும். இப்போது கீபோர்டும் பேடும் வைத்து வாலிபர்கள் பாடும் துதிப் பாடல்களும் சேர்ந்துகொண்டன. பெரியவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே சத்தத்தின் அளவு பற்றி ஒரு நிரந்தர வழக்கு உண்டு, அதில் நீங்கள் சாட்சியாகப் போக வேண்டாம்.

பாடத் தெரிந்தவர்கள் சனிக்கிழமை மாலை பாடகர் குழு பயிற்சிக்குப் போய்ப் பின்வரிசையில் நில்லுங்கள். ஞாயிறு காலை "எங்கள் பிள்ளை தனிப்பாட்டு பாடுவாள்" என்று ஆயரிடம் கேட்பதைவிட இது நூறு மடங்கு மேல். சொந்தப் பாட்டுப் புத்தகம் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், பலரும் தங்கள் புத்தகத்தோடுதான் வருவார்கள்.

வாலிபரும் தன்னார்வப் பணியும்: விசாவைப் பாருங்கள்

மே மாதம் வேதாகம விடுமுறைப் பள்ளி நடக்கும். ஆட்டத்தோடு பாட்டு, கதை, கைவேலை, கடைசி நாள் கலைநிகழ்ச்சி. காகிதம் வெட்டிக் கொடுக்க, பிள்ளைகளை வரிசையில் நிறுத்த, மோர் ஊற்ற ஆள் எப்போதும் தேவைப்படும். வாலிபர் சங்கமும் மாதர் சங்கமும் ஆண்டு முழுக்க ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள்: மருத்துவ முகாம், முதியோர் வீடுகளைச் சந்திப்பது, சபை விடுதிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. விடுதிக்குப் போவதென்றால் வார்டனிடம் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளைகளின் படத்தை எடுத்து இணையத்தில் போடாதீர்கள்.

இங்கே சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. இ-சுற்றுலா விசாவில் ஒரு மாதத்துக்கு மேற்படாத, எந்தக் கைம்மாறும் பெறாத தன்னார்வப் பணிக்கு இடம் உண்டு. ஆராதனையில் கலந்துகொள்ளத் தடையே இல்லை. ஆனால் சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்வது, வழிபாட்டு இடங்களில் மதச் சொற்பொழிவு ஆற்றுவது, மதத் துண்டுப்பிரசுரம் கொடுப்பது அனுமதிக்கப்பட்டதல்ல. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறதே என்றால், 2021 மார்ச் அறிவிக்கையின்படி மிஷனரிப் பணிக்கு அவர்களும் தனி அனுமதி வாங்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஊர் ஆயர் பாசத்தில் கேட்பார்: "நம்ம அண்ணன் லண்டன்லேர்ந்து வந்திருக்கார், ஒரு பத்து நிமிஷம் தேவ செய்தி கொடுக்கட்டும்." மறுப்பது கஷ்டம்தான். "விசாவில் அதற்கு இடமில்லை ஐயா, உங்கள் செய்தியைக் கேட்கத்தான் வந்தேன்" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். கிளம்பும் முன் இந்தியத் தூதரகத்தின் தளத்தில் அப்போதைய விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

காணிக்கை

பெரிய தொகை கொடுக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் கொடுக்கும் பணம், அவர் பிறந்து வளர்ந்த ஊர்க் கோவிலுக்கே ஆனாலும், ரூபாயாகவே கொடுத்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்புதான். ஓ.சி.ஐ. அட்டையும் இதை மாற்றாது. அதை வாங்கச் சபைக்கு அந்தச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுள்ள அமைப்பும் புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென இருக்கும் கணக்கில்தான் முதலில் பெற முடியும். இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே கொடுப்பது இதில் வராது. கோபுரத்துக்கு, ஜெனரேட்டருக்கு என்று மேடையில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பொருளாளரிடம் தனியாகப் பேசி, சபைக்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ரசீது கட்டாயம் வாங்குங்கள்.

தரங்கம்பாடி

சென்னையிலிருந்து ரயிலில் மயிலாடுதுறை, அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஜெர்மன் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சாவும் 1706 ஜூலை 9 அன்று இங்கே கரையேறினார்கள். அந்தத் தேதியை ஒட்டி வரமுடிந்தால் நினைவு ஆராதனை உண்டா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். 1718-ல் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியில் இருக்கிறது. முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரையைப் பார்க்கலாம். அடுத்த ஆண்டே, 36 வயதில் இறந்த சீகன்பால்கின் கல்லறை உள்ளேதான். அதே தெருவில் இருக்கும் சீயோன் ஆலயம் அதற்கும் பழையது, 1701; அது இன்று சி.எஸ்.ஐ. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த கதையைப் பிள்ளைகளுக்குக் காட்ட சீகன்பால்க் இல்ல அருங்காட்சியகம் இருக்கிறது. ஞாயிறு காலையில் போனால் ஆலயத்தைச் சுற்றிப்பார்க்க ஆராதனை முடியும்வரை பொறுங்கள், அல்லது உள்ளே வந்து உட்காருங்கள். நடுவில் கேமராவோடு நடக்காதீர்கள். பக்கத்துப் பொறையாரில் பெத்லகேம் ஆலயமும் உண்டு, ஒரே ஆட்டோவில் பார்த்துவிடலாம்.

கல்யாணமும் பதிவேடும்

ஊர்க் கோவிலில் கல்யாணம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஆறு மாதம் முன்பே பேசுங்கள். மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள தம் சபையிலிருந்து உறுப்பினர் சான்றும், திருமணமாகாதவர் என்ற சான்றும் கொண்டுவர வேண்டியிருக்கும். லெந்து நாட்களில் பொதுவாகக் கல்யாணம் நடத்த மாட்டார்கள். திருவருகைக் காலம் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஞானஸ்நானப் பதிவு தேடுகிறவர்கள் பெயர், அப்பா பெயர், உத்தேச வருடம், பழைய வீடு இருந்த தெரு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி முன்பே ஆயருக்கு அனுப்பிவிடுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த நெரிசலில் கேட்காமல், வார நாளில் காலை பத்து மணிக்குப் போனால் பீரோவைத் திறந்து காட்ட அவருக்கு நேரம் இருக்கும்.