நாய் தின்னக் கூடாததைத் தின்றுவிட்டால்: முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

புதிதாக நாய் வளர்க்க ஆரம்பித்தவர்களுக்காக, அதிலும் புதுச்சேரி, கடலூர் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆபத்தான உணவைத் தின்ற நாய் முதல் சில மணி நேரம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். வாலாட்டும், விளையாடும், இன்னும் கொடு என்று கூடக் கேட்கும். வைத்தியத்துக்கு ஏற்ற நேரமும் அதுதான். தின்றது இரைப்பையில் இருக்கும்வரை டாக்டர் வாந்தி எடுக்க வைத்து வெளியேற்றலாம். ஏறக்குறைய 2 மணி நேரம் போய்விட்டால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். "சாயங்காலம் வரை பார்ப்போம்" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

படி 1: மிச்சத்தை எடுத்துவிடுங்கள்

கத்தாதீர்கள். கத்தினால் நாய் வாயில் இருப்பதையும் அவசரமாக விழுங்கிவிடும். பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டு, வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். உறையையும் மிச்சத்தையும் குப்பையில் போட வேண்டாம், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

படி 2: நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்

என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை எவ்வளவு. எடை தெரியாவிட்டால் நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள். வித்தியாசம்தான் நாயின் எடை. அளவு சரியாகத் தெரியவில்லையா? அதிகபட்சமாகவே கணக்குப் போடுங்கள். வீட்டில் இரண்டு நாய் இருந்து, எது தின்றது என்று தெரியாவிட்டால், முழுவதையும் ஒவ்வொன்றும் தின்றதாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தின்றது எந்த வகை என்று பாருங்கள்

நம் வீடுகளில் நான் அதிகம் பயப்படுவது உலர் திராட்சைக்குத்தான். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் நெய்யில் உப்பிக் கிடக்கும் அதே திராட்சை. கிறிஸ்துமஸ் சமயத்தில் புதுச்சேரி பேக்கரிகளில் வாங்கும் பிளம் கேக்கிலும் அது நிறைய இருக்கும், பல கேக்குகளில் ரம்மில் ஊறவைத்துப் போட்டிருப்பார்கள். பச்சைத் திராட்சை, கறுப்புத் திராட்சை, உலர்ந்தது எல்லாமே நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியவை. ஒரு நாய் கைப்பிடி தின்றும் தப்பிக்கும், இன்னொன்று கொஞ்சம் தின்றே படுத்துவிடும். அதனால் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. வாந்தி பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும், சிறுநீரகப் பாதிப்பு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

இதற்குக் காரணமாக இப்போது சந்தேகிக்கப்படுவது டார்டாரிக் அமிலம். அதே அமிலம் நம் புளியில் ஏராளமாக இருக்கிறது! புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைக் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்து 2022-இல் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே கொட்டை எடுத்துக் காயவைத்த புளியைத் தரையில் பரப்பும்போது கவனம். புளியோதரை, புளிக்குழம்பு, ரசம் எதையும் நாய்த் தட்டில் ஊற்றாதீர்கள். "எங்கள் பாட்டி காலத்திலிருந்து ரசம் சாதம்தான் போடுகிறோம்" என்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை, ஆனால் மோர் சாதமோ வெறும் சாதமோ போடுங்கள் என்று விடாமல் சொல்வேன்.

சாக்லேட்டில் கணக்கு முக்கியம். அதில் இருக்கும் தியோபுரோமின் என்ற பொருள்தான் நாய்க்கு விஷம், அது நாயின் உடலிலிருந்து மிக மெதுவாகத்தான் வெளியேறும். மில்க் சாக்லேட்டில் கிராமுக்கு சுமார் 2 மில்லிகிராம் இருக்கும். டார்க் சாக்லேட்டில் குறைந்தது 5, பல நேரம் அதைவிட அதிகம். 5 கிலோ பொமரேனியன் 50 கிராம் மில்க் சாக்லேட் தின்றால் மொத்தம் 100 மில்லிகிராம், அதாவது நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம். வாந்தி, படபடப்பு, நிலைகொள்ளாமல் சுற்றுவது எல்லாம் இந்த அளவில் ஆரம்பிக்கும். அதே 50 கிராம் ஆரோவில் பக்கம் வாங்கிய டார்க் சாக்லேட் என்றால் கிலோவுக்கு 50. இதயத் துடிப்பு தாறுமாறாகும் கட்டம் அது. 60-ஐத் தொட்டால் வலிப்பு வரலாம். கோகோ பவுடர் இன்னும் மோசம். காபிப் பொடியையும் இந்த வரிசையிலேயே வையுங்கள்.

வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்தக் குணம் போகாது. 10 கிலோ நாய்க்கு ஒரே வேளையில் 50 கிராம் வெங்காயம் போனாலே பிரச்சினை தொடங்கலாம். பிரியாணி மிச்சத்திலும் வெங்காய சாம்பாரிலும் அது சுலபமாகச் சேர்ந்துவிடும். இதன் அறிகுறி சில நாள் கழித்து வருவதால், தின்றதுக்கும் சோர்வுக்கும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

சர்க்கரை சேர்க்காத சூயிங்கம், மிட்டாய், சில பீநட் பட்டர் இவற்றில் சைலிடால் என்ற இனிப்புப் பொருள் இருக்கும். இதற்கு நேரமே இல்லை. அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து நாய் தள்ளாடி விழலாம். உறையில் அந்தப் பெயர் இருந்தால் உடனே கிளம்புங்கள்.

மது, ஈஸ்ட் போட்ட பச்சை மாவு இரண்டும் அவசரம்தான். மாவு வயிற்றுக்குள் உப்பி, சாராயத்தையும் உண்டாக்கும். கடற்கரையில் தின்றுவிட்டுப் போடும் மக்காச்சோளத் தண்டு, மாங்கொட்டை, வெந்த கோழி எலும்பு ஆகியவை விஷமில்லை, ஆனால் குடலை அடைக்கும் அல்லது குத்தும். பண்ருட்டி முந்திரி விஷமில்லை. நெய்யில் வறுத்ததை நிறையத் தின்றால் கணையம் வீங்கலாம், அவ்வளவுதான்.

படி 4: போன் செய்யுங்கள், அப்புறம் கிளம்புங்கள்

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரை முதலில் கூப்பிடுங்கள். "7 கிலோ, இரண்டு வயது, 9 மணிக்குக் கைப்பிடி உலர் திராட்சை தின்றது, இன்னும் வாந்தி இல்லை" என்று ஒரே மூச்சில் சொன்னால் அவருக்கு வேலை சுலபம். புதுச்சேரியில் குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டில் கால்நடைகளுக்கான அவசர எண் 1962. இரவில் யார் பார்ப்பார்கள், விடுமுறையில் எங்கே போவது என்பதையெல்லாம் இன்றைக்கே விசாரித்து போனில் பதிந்துகொள்ளுங்கள். கடலூர்க்காரர்கள் ராத்திரியில் புதுச்சேரிக்கு ஓட வேண்டியிருக்கலாம், வண்டி ஏறுவதற்கு முன் அங்கே டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: இவற்றைச் செய்யாதீர்கள்

உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ரத்தத்தில் உப்பு ஏறி, அதுவே உயிருக்கு ஆபத்தாகும். தொண்டைக்குள் விரலை விடாதீர்கள். பால், எண்ணெய், முட்டை எதுவும் விஷத்தை முறிக்காது. எலும்பு தின்ற நாயையும் மயங்கிய நாயையும் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. நம் பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாய்க்குத் தனி விஷம்.

படி 6: போகும் வழியில் ஈறைப் பாருங்கள்

மேல் உதட்டை மெல்லத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். அந்த இடம் வெளுத்து, 2 விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். அதற்கு மேல் நேரமானாலோ, ஈறு வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருந்தாலோ டாக்டரிடம் போனில் சொல்லிவிடுங்கள். சில நாய்களுக்கு ஈறு இயற்கையாகவே கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். நாய் நன்றாக இருக்கும் ஒரு நாளில் இதைச் செய்து பழகிவிட்டால், அவசரத்தில் கை நடுங்காது.

படி 7: வீடு திரும்பிய பிறகு

திராட்சையோ புளியோ தின்றிருந்தால், நாய் தெளிவாக இருந்தாலும் டாக்டர் சொல்லும் நாட்களில் கிரியேட்டினின் பரிசோதனைக்கு (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) கட்டாயம் அழைத்துப் போங்கள். வழக்கமாகப் போகும் அளவு சிறுநீர் போகிறதா என்று மூன்று நாள் கவனியுங்கள். வெங்காயம் என்றால் ஒரு வாரம் தினமும் ஈறு நிறத்தையும் சிறுநீர் நிறத்தையும் பாருங்கள். சிறுநீர் கடுங்காபி நிறத்துக்கு வந்தால் அன்றைக்கே திரும்பப் போக வேண்டும்.