முதல் வான்கோழி வேட்டை: மே மாதத் தவறுகள் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகின்றன

நியூயார்க் மாநிலத்தில் வசந்தகால வான்கோழி வேட்டை மே 1 அன்று தொடங்கி 31 அன்று முடிகிறது. சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போது தொடங்கி நண்பகலுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். என் முதல் பருவத்தின் மூன்றாம் நாள் காலையில், மார்பில் தாடி என்ற மயிர் போன்ற இறகுக் கற்றை தொங்கும் முதிர்ந்த சேவல் ஒன்று எனக்கு 15 கஜத் தொலைவில் வந்து நின்றது. சுட்டேன். பறவை துள்ளி ஓடியது, சரிவில் இறங்கிப் பறந்து மறைந்தது. இரண்டு மணி நேரம் தேடினேன். ஒரு துளி இரத்தமும் இல்லை, ஓர் இறகும் இல்லை. தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளான ரவைகளில் ஒன்றும் படாமல்தான் தப்பியது என்று நம்புகிறேன். காயத்தோடு போயிருக்குமோ என்ற எண்ணம் மட்டும் இன்றுவரை விடவில்லை.

அந்த வார இறுதியில் அதே துப்பாக்கியால், அதே வகைத் தோட்டாவைப் போட்டு, ஒரு தாளை நோக்கிச் சுட்டேன். குறிவைத்த புள்ளிக்கு 6 அங்குலம் மேலே, சற்று இடப்புறமாகத் துளைகள் குவிந்திருந்தன. வான்கோழியின் கழுத்து மூன்று விரல் அகலம்கூட இராது. அந்தத் தாளை நான் ஏப்ரலில் பார்த்திருக்க வேண்டும்.

நம் ஊரில் வான்கோழி என்றால் முற்றத்தில் அசைந்து நடக்கும் கனத்த வளர்ப்புப் பறவை நினைவுக்கு வரும். அமெரிக்கக் காட்டு வான்கோழி வேறு மாதிரி. மெலிந்த உடல், நீண்ட கால்கள், நன்றாகப் பறக்கும், இரவில் உயர்ந்த மரக்கிளையில் அடையும். நியூயார்க்கில் இந்த இனம் 1840களின் நடுவில் அற்றுப்போனது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 1948 வாக்கில், பென்சில்வேனியாவின் வடக்கே எஞ்சியிருந்த பறவைகள் எல்லை தாண்டி வந்தன. 1959 முதல் மாநில அரசு அவற்றைப் பிடித்துப் பிற பகுதிகளில் விட்டுப் பெருக்கியது. துப்பாக்கி, தோட்டா விற்பனையின் மீதான கூட்டாட்சி வரி, 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாடெங்கும் இத்தகைய மீட்புப் பணிகளுக்குச் செலவாகிறது. இவ்வளவு பாடுபட்டு மீட்ட பறவையை, ஒரு மாலைப் பொழுது தயாரிப்புக்குச் செலவிடாத ஒருவர் குறைக்காயத்தோடு அனுப்புவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களில் பலர் அறியாமல் செய்யக்கூடிய ஒரு தவறு இருக்கிறது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. விலைக்கு வாங்கினால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். நண்பருடைய துப்பாக்கியைப் பயிற்சிக் களத்தில் கையில் வாங்கிச் சுடுவதும் இதில் அடங்கலாம். ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டு பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, பிறகு உரிமம், அதன் பிறகே துப்பாக்கி. உங்கள் நிலையில் ஐயம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள். ஒரு மாதப் பொழுதுபோக்குக்காக விசாவைப் பணயம் வைக்க வேண்டாம்.

மாநில விதிகளையும் அப்போதே படித்துவிடுங்கள். நியூயார்க்கில் வான்கோழிக்கு ரைஃபிள் கூடாது. வசந்தகாலத்தில் தாடியுள்ள பறவையை மட்டுமே சுடலாம். ரவையின் அளவுக்கும் வரம்பு உண்டு. துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாக்களுக்கு மேல் ஏறாதபடி அடைப்புக் கட்டை போட வேண்டும் என்று சொல்லும் மாநிலங்களும் இருக்கின்றன.

தாள்

நம் செய்தித்தாள்களில் பால்ரஸ் என்று படிக்கிறோமே, அத்தகைய சிறு ரவைகள்தான் ஷாட்கன் தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. குழலை விட்டதும் கூட்டமாகக் கிளம்பி, போகப் போக விரிகின்றன. குழலின் முனையில் திருகிப் பொருத்தும் சோக் என்ற குறுகிய குழாய் அந்த விரிவை இறுக்குகிறது. துப்பாக்கி, சோக், தோட்டா மூன்றும் சேர்ந்து ஒரு வடிவத்தை உண்டாக்கும். மூன்றில் ஒன்றை மாற்றினாலும் வடிவம் மாறும். கடைக்காரர் சொல்வதும், தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருப்பதும், நண்பரின் அனுபவமும் உங்கள் துப்பாக்கிக்குச் செல்லாது. அதே தொழிற்சாலையில் செய்த இரண்டு துப்பாக்கிகளே வேறு வேறு மாதிரி சுடும்.

செய்ய வேண்டியது எளிது. மூன்றடி அகலத் தாளை மாட்டி நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். மேசையில் மணல் மூட்டை வைத்து, துப்பாக்கியை அதன்மேல் அசையாமல் தாங்கிச் சுடுங்கள். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு அவசியம். முதலில் 20 கஜத்தில், விலை குறைந்த, உதைப்பு குறைந்த பயிற்சித் தோட்டாக்களால் கையைப் பழக்குங்கள். பிறகு காட்டுக்குக் கொண்டுபோகப் போகும் தோட்டாவையே போட்டு, குவியல் குறிவைத்த இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விலை அதிகம் என்று இந்தக் கடைசிப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். பயிற்சித் தோட்டா நேராகப் போனால் வேட்டைத் தோட்டாவும் நேராகப் போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. என் துப்பாக்கியிலும் இதுவே நடந்தது.

குவியல் விலகி விழுந்தால், முனையில் ஒற்றைக் குமிழ் மட்டும் உள்ள துப்பாக்கியில் திருத்த வழியில்லை. சரிசெய்யக்கூடிய குறிப்பானோ, சிவப்புப் புள்ளி காட்டும் சிறு கண்ணாடியோ பொருத்துங்கள். இன்னொரு நன்மையும் உண்டு. பறவையைக் கண்ட பரபரப்பில் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து தூக்கிவிடுவது எல்லாருக்கும் நேரும். கன்னம் எழும்பினால் சூடு மேலே போகும். முதல் பருவத்தில் பறவை தப்புவதற்கு இதைவிடப் பொதுவான காரணத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்து 40 கஜத்தில் சுடுங்கள். துளைகள் அடர்ந்த இடத்தைச் சுற்றி 10 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து எண்ணுங்கள். நூறு ரவைகளாவது வட்டத்துக்குள் விழ வேண்டும் என்பது வேட்டைக்காரர்கள் வெகுகாலமாக வைத்திருக்கும் அளவுகோல். விழவில்லையா? 35 கஜத்துக்கு, 30 கஜத்துக்கு வாருங்கள். நூறு கிடைக்கும் தொலைவுதான் உங்கள் எல்லை. கடைசியாக 10 கஜத்தில் ஒன்று. இறுக்கமான சோக்கில் அங்கே குவியல் கைமுட்டி அளவே இருக்கும். அதைப் பார்த்த பிறகு, பக்கத்தில் நிற்கும் பறவையைத் தவறவிட முடியாது என்ற நம்பிக்கை உடனே போய்விடும்.

ஆகச் சிறிய துளையுள்ள சோக்கைத் தேடி வாங்குவதும் வீண் செலவு. கேஜ் என்பது குழலின் பருமனைக் குறிக்கும் எண், எண் கூடினால் குழல் சிறுக்கும். 12 கேஜ் குழலின் உள்விட்டம் பெயரளவில் 0.729 அங்குலம். வான்கோழிச் சோக்குகள் பலவும் அதை 0.660 முதல் 0.670 அங்குலம் வரை ஒடுக்குகின்றன. ஓர் அளவுக்கு மேல் ஒடுக்கினால் ரவைகள் ஒன்றோடொன்று மோதிச் சிதறி, வடிவம் கெடும். திருகுமரை பெரும்பாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ரெமிங்டனுக்குச் செய்தது பெனெல்லிக்குப் பொருந்தாது. கடினமான எஃகு ரவையை அதற்கென்று குறிப்பிடாத இறுக்கமான சோக்கில் சுட்டால் குழலே பழுதாகும். சில சூடுகளுக்குப் பிறகு சோக் தளர்ந்துவிடுவதும் உண்டு. துப்பாக்கி வெறுமையாக இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு அவ்வப்போது முறுக்கிப் பாருங்கள்.

தோட்டாவில் ஏமாறுவது

ரவையின் எண் கூடக் கூட அதன் அளவு சிறுக்கும். ஈயத்தில் 4, 5, 6 எண் ரவைகள் வான்கோழிக்கு நெடுங்காலமாகப் போதுமானவையாக இருந்துவருகின்றன. இப்போது டிஎஸ்எஸ் என்ற டங்ஸ்டன் ரவை வந்திருக்கிறது. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். இதற்கு ஏறக்குறைய 18. அதனால் 9ஆம் எண் என்ற மிகச் சிறிய ரவைகூட ஆழமாக ஊடுருவும், ஒரே தோட்டாவில் அதிக ரவைகளும் அடங்கும். 20 கேஜ் துப்பாக்கியும் இதனால் முழுத் தகுதி பெற்றுவிட்டது, தோளுக்கும் இதம். ஆனால் இந்தத் தோட்டாவை வாங்கியதும் 60 கஜம் தாண்டியும் சுடலாம் என்ற ஆசை வந்துவிடுகிறது. முதல் ஆண்டில் 40 கஜத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காட்டில் 40 கஜம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் 50க்கு மேல் இருக்கும்.

மூன்றரை அங்குலத் தோட்டாவும் அப்படித்தான். பல மான்வேட்டை ரைஃபிள்களைவிட மோசமாக உதைக்கும். இரண்டு முறை உதை வாங்கிய தோள், மூன்றாம் முறை விசையை இழுக்கும் முன்பே துள்ளும். மூன்று அங்குலம் போதும். உங்கள் துப்பாக்கி எந்த நீளத்தைத் தாங்கும் என்பது குழலின் மேலேயே பொறித்திருக்கும், அதை மீறாதீர்கள். நீளமான தோட்டா சில சமயம் உள்ளே போய்விடும். ஆனால் சுடும்போது அதன் மடிந்த முனை விரிய இடமில்லாமல் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

இதைவிடக் கொடியது கேஜ் கலப்பு. வீட்டில் 12, 20 இரண்டு வகையும் இருந்தால் ஒரே பையில் போடவே போடாதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். வெளியே பார்த்தால் தோட்டா போடும் அறை வெறுமையாகத் தெரியும். பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், கை போகும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். புதுத் துப்பாக்கிக் குழலில் கிடங்கு மசகு இருக்கும். துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துக் குழலைப் பார்த்துவிடுங்கள்.

தரையில் உட்கார்ந்து பழகுங்கள்

வான்கோழியை நின்றுகொண்டு யாரும் சுடுவதில்லை. மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, அதன்மேல் துப்பாக்கியைத் தாங்கியபடி நாற்பது நிமிடம் காத்திருக்க நேரும். காட்டில் அணியப்போகும் உடை, கையுறை, முகத்திரை எல்லாவற்றோடும் அந்த நிலையில் வீட்டில் பழகுங்கள். தோட்டா இல்லாத துப்பாக்கியோடுதான். முகத்திரை கண்ணை மறைக்கிறதா, கையுறை விரலைத் தடுக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். பாதுகாப்புப் பொத்தான் 'டிக்' என்று சத்தம் போட்டால், இரண்டு விரல்களால் பிடித்து மெதுவாக நகர்த்தக் கற்றுக்கொள்ளுங்கள். சேவல் தோகை விரித்து உடலை உப்பிக்கொண்டு நிற்கும்போது கழுத்து சுருங்கியிருக்கும். அப்போது சுடாமல், அது தலையை நீட்டும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமைக்கு முழங்கால் ஒத்துழைக்க வேண்டாமா?

பையில் இருப்பதும் உடலில் இருப்பதும்

சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் இருக்கின்றன. உடல் கறுப்பாகத் தெரியும். இந்த நான்கு நிறங்களில் எதையும் உடலில் வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு வேட்டைக்காரர் உங்களையே பறவை என்று நினைத்துச் சுட்ட விபத்துகள் இந்த வேட்டையில் நடந்திருக்கின்றன. கைக்குட்டை, தண்ணீர்ப் புட்டியின் மூடி எல்லாம் கணக்கில் சேரும். புதியவர்கள் மறப்பது காலுறை. உட்கார்ந்ததும் கால்சட்டை மேலேறி வெள்ளைக் காலுறை பளிச்சென்று தெரியும். சாய்ந்து உட்கார உங்கள் தோளைவிட அகலமான மரத்தைத் தேர்ந்தெடுங்கள். பின்னாலிருந்து யாரும் உங்களைப் பறவையாகப் பார்க்க மாட்டார்கள். வேறொருவர் நடந்து வந்தால் கையை ஆட்டாதீர்கள், வாய்விட்டுக் குரல் கொடுங்கள்.

பறவையை ஏமாற்றி வரவழைக்க வைக்கும் பறவையைப் பழந்தமிழில் 'பார்வை' என்றார்கள். இப்போதைய பார்வை ரப்பரில் வருகிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டில் நடக்காதீர்கள். தலை வெளியே தெரியாதபடி பைக்குள் இருக்கட்டும்.

வான்கோழிக்கு மோப்பம் குறைவு, கண்ணும் செவியும் மிகக் கூர்மை. ஒட்டுப்பட்டையைக் கிழிக்கும் ஓசையும், சட்டைப்பையில் இரண்டு தோட்டாக்கள் உரசும் ஓசையும் காலை அமைதியில் தொலைவுக்குக் கேட்கும். முழு உடுப்போடும் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். எது சத்தமிடுகிறதோ அதைத் துணியால் கட்டுங்கள். பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலை அழைக்கும் பாக்ஸ் கால் என்ற மரப்பெட்டிக் கருவியின் மூடியை ரப்பர் வளையத்தால் கட்டாவிட்டால் நடக்கும்போதே கீச்சிடும். அதற்கு உரிய சாக்கட்டியையும், மழையில் நனையாதிருக்க ஒரு பிளாஸ்டிக் உறையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்புக் கருவிகள் ஐந்து வாங்குவதைவிட ஒன்றில் பெட்டையின் குரலை ஒரு மாதம் பழகுவது மேல்.

மே மாதம் உண்ணிகளின் காலமும் கூட. லைம் நோயைப் பரப்பும் உண்ணி நியூயார்க்கில் எங்கும் இருக்கிறது. உடுப்பின்மேல் பெர்மெத்ரின் தெளித்து, முழுவதும் உலர்ந்த பிறகு அணியுங்கள். அதைத் தோலில் தடவக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால், ஈரம் காயும்வரை அதை அருகில் விடாதீர்கள்.

கடைசியாக இரண்டு சிறு பொருள்கள். ஒன்று பேனா. பறவை விழுந்ததும் உரிமத்தோடு வந்த சீட்டை அந்த இடத்திலேயே நிரப்ப வேண்டும். இன்னொன்று பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் துணி. பறவையைத் தோளில் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடக்கும்போது, பார்ப்பவருக்கு நீங்கள் நடமாடும் வான்கோழியாகவே தெரிவீர்கள். தலையும் தோகையும் மறையும்படி அந்தத் துணியால் பறவையை முழுவதுமாகச் சுற்றிய பிறகே அது விழுந்த இடத்தை விட்டுக் கிளம்புங்கள்.