கூட்டாளி சொன்னால் கேட்பான்: பள்ளிப் பிள்ளைகளிடையே புகையிலையைத் தடுக்க ஒரு செய்முறை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்தால் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், ஆபீஸ்களில் மலையாளம், விளையாடும்போது இரண்டும் கலந்த ஒன்று. ஊர் வாயனசாலைக்கு, அதாவது நூலகத்துக்கு, சாயங்காலம் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். பேப்பர் படிக்க வருகிறவர்கள் குறைவு. கேரம் போர்டுக்கும் வாலிபால் வலைக்கும்தான் கூட்டம். ஒருநாள் ஒரு பையன் கீழுதடு உப்பிப் போய், வாயைத் திறக்காமல் பேசினான். கிட்டப் போனால் புதினா வாசனை. பல்வலி என்றான். நானும் நம்பி கிராம்புத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். உதட்டுக்குள் இருந்தது புகையிலைப் பொட்டலம் என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. மற்ற பிள்ளைகளுக்கு முதல் நாளே தெரியும்.

அப்புறம் எல்லா ஊரிலும் செய்வதை நாங்களும் செய்தோம். பேச்சாளர் வந்தார், புற்றுநோய்ப் படங்கள் காட்டினார், பிள்ளைகள் கை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். கூட்டம் கலைந்ததும் வாயனசாலைச் சுவருக்குப் பின்னால் கிடந்த பொட்டலங்களை நானே பெருக்கினேன்.

அதற்குப் பிறகுதான் வேறு விதமாக யோசித்தோம். முதன்முதலில் இதைக் கையில் கொடுத்தது யார் என்று எந்தப் பையனைக் கேட்டாலும் அநேகமாக ஒரே பதில்தான்: கூட்டாளி. கொடுக்கிறவன் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கும்போது, வேண்டாம் என்பதையும் ஒரு கூட்டாளியின் வாயால் சொல்ல வைத்தால் என்ன? இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலும் வேல்ஸிலும் 59 பள்ளிகளில் 12, 13 வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். சக மாணவர்கள் பேசிய பள்ளிகளில் புகைபிடிப்பவர்கள் குறைவாக இருந்தார்கள். சென்னையிலும் டெல்லியிலும் 32 பள்ளிகளில் 2004 முதல் இரண்டு ஆண்டு நடந்த முயற்சியிலும் மாணவத் தலைவர்களுக்கு முக்கிய வேலை இருந்தது. அங்கே திட்டம் நடந்த பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 17 சதவீதம் குறைய, நடக்காத பள்ளிகளில் 68 சதவீதம் கூடியது.

நாங்கள் செய்தது பெரும்பாலும் அந்த இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிகளின் முறை, எங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி. ஒரு வகுப்போ ஒரு விளையாட்டுக் குழுவோ இருந்தால் நீங்களும் செய்யலாம். செலவு என்று பார்த்தால் டீ, பழம்பொரி, கொஞ்சம் நோட்டு.

முதல் படி: அனுமதி

தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லும்போதே ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: இதில் வெளிவரும் எந்தப் பிள்ளையின் பெயரையும் தண்டிப்பதற்குக் கேட்கக் கூடாது. இதற்குச் சம்மதம் கிடைக்காவிட்டால் தொடங்காதீர்கள்.

இரண்டாம் படி: புளியங்கொட்டைக் கணக்கு

'எல்லாரும் போடறாங்க மாஷே' (மாஷ் என்றால் எங்கள் பக்கம் சார்) என்பது நான் அதிகம் கேட்ட வசனம். உண்மையிலேயே எல்லாரும் போடுகிறார்களா? எண்ணிப் பார்த்துவிடுங்கள். சீட்டு எழுதச் சொன்னால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று பிள்ளைகள் பயப்படுவார்கள், அதனால் நாங்கள் புளியங்கொட்டைக்குப் போனோம். ஆளுக்கு இரண்டு கொட்டை. ஒன்று சும்மா, இன்னொன்றில் சுண்ணாம்புப் பொட்டு. மறைப்புக்குப் பின்னால் ஒரு பானையும் ஒரு சாக்கும். போன ஒரு மாதத்தில் பீடி, சிகரெட், ஹான்ஸ், கூல் லிப் மாதிரி வாயில் வைக்கும் புகையிலை எதையாவது தொட்டிருந்தால் பொட்டு வைத்த கொட்டை பானைக்கு, இல்லையென்றால் சும்மாக் கொட்டை பானைக்கு. மிச்சம் சாக்குக்குள். பானையில் எது விழுந்தாலும் ஒரே சத்தம்தான் கேட்கும்.

அதற்கு முன்பே ஒரு துண்டுச் சீட்டில் எண் ஒன்றை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: 'நம்ம கூட்டத்தில் பத்துப் பேரில் எத்தனை பேர் போடுவார்கள் என்று நினைக்கிறாய்?'

எங்கள் ஊரில் பெரும்பாலான சீட்டுகளில் ஐந்தும் ஆறும் இருந்தன. பானையைக் கவிழ்த்தால் பொட்டு வைத்த கொட்டைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. பிள்ளைகளே திரும்ப எண்ணினார்கள், நம்பவில்லை. நாடு முழுக்கப் பார்த்தாலும் இதே கதைதான். 13 முதல் 15 வயது மாணவர்களிடம் 2019-இல் எடுத்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் நூற்றுக்கு 8.5 பேர்தான் புகையிலை பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். எல்லாரும் செய்கிறார்கள் என்று நினைப்பவனுக்குத் தான் மட்டும் செய்யாமல் இருக்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தில் பாதி பானையிலேயே போய்விடும். பொட்டு வைத்த கொட்டைகள் அதிகமாக விழுந்தால் மட்டும் அந்த எண்ணைச் சொல்லிக் காட்டாதீர்கள். மனதுக்குள் வைத்துக்கொண்டு வேலையைத் தொடருங்கள்.

மூன்றாம் படி: ஆள் எடுப்பது

மற்றவர்களிடம் பேசப் போகிற பிள்ளைகளை எடுக்கும் படி இது. இங்கேதான் முதல் வருடம் கவிழ்ந்தோம். வகுப்புத் தலைவர்களையும் நன்றாகப் படிக்கிறவர்களையும் எடுத்தோம். அவர்களும் பொறுப்பாக, யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் போட்டு ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பையன் ஒரு வாரம் வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. அதோடு எங்களிடம் யாரும் வாயே திறக்கவில்லை. அந்தப் பையன் இன்றும் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறான். தப்பு எங்களுடையது.

சரியான வழி, பிள்ளைகளையே கேட்பது. பெயர் போடாத தாளில் மூன்று கேள்வி: யார் சொன்னால் நீ மதிப்பாய்? விளையாட்டிலோ வேறு எதிலோ யார் முன்னால் நிற்பார்கள்? யாரைப் பார்த்து, இவனைப் போல், இவளைப் போல் இருக்கலாம் என்று நினைக்கிறாய்? புகையிலை என்ற வார்த்தையே தாளில் வரக் கூடாது. அதிகம் வரும் பெயர்களில் ஏழு பேருக்கு ஒருவர் கணக்கில் எடுங்கள். நாற்பது பேர் என்றால் ஆறு பேர்.

வரும் பெயர்களைப் பார்த்து ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். எங்கள் பட்டியலில் முதலில் நின்றவன் கணக்கில் தோற்றவன், பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறவன். ஆனால் அவன் ஒரு வார்த்தை சொன்னால் பின்சீட்டே கேட்கும். அவனை நீக்கிவிட்டு நல்ல பிள்ளை ஒருவனைச் சேர்க்கச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள், சம்மதித்தால் எங்கள் முதல் வருடம்தான் உங்களுக்கும். பட்டியலில் வந்தவன் ஏற்கெனவே பழக்கம் உள்ளவனாக இருந்தால், விட முயற்சி செய்கிறாயா என்று தனியாகக் கேளுங்கள். ஆம் என்றால் அவனும் வரட்டும்.

பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். அதே 2019 கணக்கில் பையன்கள் 9.6, பெண்கள் 7.4 சதவீதம். நம் வீட்டில் அப்படி இல்லை என்று சொல்லாத அம்மா கிடையாது.

நான்காம் படி: இரண்டு நாள் பயிற்சி

பள்ளிக்கூடத்துக்கு வெளியே வையுங்கள். நாங்கள் ஒரு தென்னந்தோப்பில் வைத்தோம். பெஞ்சு இருந்தால் அது வகுப்பாகிவிடும்.

முதல் நாள் விஷயம் சொல்வது. ஐம்பது வயதில் வரும் நோய் பதினான்கு வயதுக்கு எட்டாது, அதனால் அவர்கள் கண்ணில் படுகிறதைச் சொல்லுங்கள். பொட்டலம் வைக்கிற இடத்தில் ஈறு வெளுப்பதும் புண்ணாவதும். வாய் நாற்றம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் வாலிபாலில் இரண்டாவது செட்டிலேயே மூச்சு வாங்குவது. ஒரு நாளைக்கு 10 ரூபாய் போனால் வருடத்துக்கு 3,650 ரூபாய். அந்தப் பணத்துக்கு என்ன ஷூ கிடைக்கும் என்று அவர்களே சொல்லட்டும். புதினா ருசி யாரை நினைத்துச் சேர்த்தது என்று ஒரு கேள்வி போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எங்கள் தோப்பில் அதிக நேரம் ஓடியது அந்தப் பேச்சுதான். தங்களை ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் அவர்களுக்கு உறைத்தது.

இரண்டாம் நாள் பேசிப் பழகுவது. இருவர் இருவராக நிற்க வைத்து, ஒருவன் நீட்ட, ஒருவன் மறுக்க வேண்டும். புத்தகத் தமிழ் வேண்டாம், அவர்கள் பேச்சிலேயே விடுங்கள்.

'டேய், ஒண்ணே ஒண்ணு வெச்சுப் பாரு, ஒண்ணும் ஆகாது.'
'வேண்டாம் மாப்ளே. சாயங்காலம் வெளையாடோணும், தலை சுத்திரும்.'
'பயமாடா?'
'ஆமா, எங்கம்மாவுக்குப் பயம். வா, டீ குடிக்கலாம்.'

கடைசி வரி ஒரு பிள்ளை தானாகச் சொன்னது. நான் எழுதிக்கொண்டு போன பதில்களை அங்கேயே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். மறுப்பது சின்னதாக இருக்க வேண்டும், சொன்ன கையோடு பேச்சை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

ஐந்தாம் படி: பத்து வாரம்

இனி நம் வேலை குறைவு. பஸ்ஸில், டியூஷன் போகும் வழியில், களத்தில், பேச்சு தானாக வரும்போது அந்தப் பிள்ளைகள் பேசினால் போதும். மேடை, பேட்ஜ், டி-சர்ட் எதுவும் வேண்டாம். என்றைக்கு என்ன பேசினோம் என்று ஒரு சின்ன நோட்டில் இரண்டு வரி, அதில் எதிராளியின் பெயர் இருக்கக் கூடாது. இந்தப் பத்து வாரத்துக்குள் மூன்று நான்கு முறை கூட்டி வைத்து டீ கொடுத்துக் கேளுங்கள். 'கிண்டல் பண்றாங்க' என்று சிலர் வருவார்கள். உபதேசம் செய்தாயா என்று கேளுங்கள், அநேகமாக ஆமாம் என்பார்கள்.

கடைப் பக்கம்

இது பெரியவர்கள் வேலை, பிள்ளைகளைக் கடைக்காரரிடம் அனுப்பாதீர்கள். எல்லையில் ஒரு நம்பிக்கை உண்டு: ஒரு பக்கம் தப்பு, மறுபக்கம் தப்பில்லை. கள்ளு விஷயத்தில் அது சரி, தமிழ்நாட்டில் தடை, கேரளத்தில் தடை இல்லை; அதற்காகவே பொள்ளாச்சிப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். புகையிலைக்கு அந்தக் கணக்கு செல்லாது. 2003-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்பதும், கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள் விற்பதும் இரண்டு பக்கமும் குற்றம். குட்காவைக் கேரளம் 2012-லும் தமிழ்நாடு 2013-லும் தடை செய்தன. இ-சிகரெட்டுக்கு 2019 முதல் நாடு முழுக்கத் தடை. குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் ஏழு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கடைக்காரரிடம் இதை மிரட்டலாக இல்லாமல் ஒரு தகவலாகச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் கேட்பார்கள். 'தாத்தாவுக்குப் பீடி வாங்கிட்டு வா கண்ணு' என்று நாமே அனுப்புவதை முதலில் நிறுத்த வேண்டும்.

ஏற்கெனவே பழகியவன்

அவனைக் கூட்டாளியின் பேச்சு மட்டும் காப்பாற்றாது. விட்ட முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் மோசம். எரிச்சல், தலைவலி, கவனமின்மை வரும். ஆசை எழும்பும்போது சில நிமிடம் தாக்குப்பிடித்தால் தணியும். தண்ணீர் குடிக்கலாம், ஒரு ரவுண்டு ஓடிவிட்டு வரலாம், அந்தச் சில நிமிடம் கூட ஒரு ஆள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும், பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். முடியாவிட்டால் அரசு ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட்டிப் போங்கள்.

மறுபடி பானை

பத்து வாரம் முடிந்ததும் அதே இரண்டு கொட்டை, அதே துண்டுச் சீட்டு. முதலில் சீட்டில் உள்ள எண்தான் இறங்கும், பானைக்குள் மாற்றம் மெதுவாகத்தான் தெரியும். முதலில் சொன்ன இங்கிலாந்து, வேல்ஸ் 59 பள்ளிகளிலும்கூட இரண்டு ஆண்டு ஆனபோது வித்தியாசம் தேய ஆரம்பித்திருந்தது. அதனால் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து புது எட்டாவது வந்ததும் மூன்று கேள்வித் தாளை மறுபடி கொடுங்கள். போன வருடப் பட்டியலை எடுத்து ஓட்டாதீர்கள். லீவில் யார் யாருடன் சேர்ந்தார்கள், யார் பேச்சு இப்போது எடுபடுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.